கேள்வியில் இல்லாத நாலாவது பங்காளி

போன வருடம் ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை. நேரம் மத்தியானம் பன்னிரண்டரை. பல்கலைக்கழகப் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே, சைக்கிள் விடுகிற இடத்தில், நாற்பத்தொன்பது வயது ஆள் ஒருவர் பெடலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தார். செயின் கழன்றுவிட்டதாக்கும் என்று நினைத்து இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். செயினுக்கு ஒரு குறையும் இல்லை. கழன்றிருந்தது நான்தான்.

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்று முதலில் சொல்லாவிட்டால் அந்த நன்மையின் அளவு உங்களுக்கு விளங்காது. என்னைத் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

யாழ்ப்பாணக் கடற்கரையில் இருக்கிற எங்கள் குருநகரில் என்னைப் பகிடிக்காரன் என்றுதான் தெரியும். செத்தவீட்டுக்குப் போனாலும் பின்வரிசையில் இருத்திவிடுவார்கள், முன்னுக்கு இருந்தால் ஆரையாவது சிரிக்க வைத்துவிடுவேன் என்று. அந்தப் பகிடியெல்லாம் பயத்துக்கு மேலே போட்ட சட்டை என்பது என் மனைவி ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும். சட்டையைத் தோய்க்கிறவள் அவள்தானே.

இருபத்திரண்டு வருடமாக ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். படகுகள் கொண்டு வருகிற மீனை விற்ற காசை ஆளுக்காள் பிரித்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் வயது ஆட்களுக்குப் பல்கலைக்கழகம் போகவேண்டிய காலத்தில் யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடந்தது. பாதை திறந்தபோது பிள்ளைகளின் படிப்பு வந்துவிட்டது. கடைசியில் நாற்பத்தைந்து வயதில், கணக்கியலும் நிதித் திட்டமிடலும் என்ற வெளிவாரிப் பட்டப்படிப்பில் பதிந்தேன். வகுப்பில் என்னை எல்லோரும் "அங்கிள்" என்றார்கள். "அண்ணா" என்று கூப்பிடச் சொல்லி முதல் மாதம் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மற்றப் பாடமெல்லாம் சித்தி, பாஸ் பண்ணிவிட்டேன். ஒரு குடும்பத்துக்கு முப்பது வருடத்துக்குப் பிறகு என்னென்ன தேவைப்படும் என்று பதினெட்டுப் பக்கத்தில் திட்டம் எழுதிக் கொடுத்து விரிவுரையாளரிடம் நல்ல பெயர் வாங்கியவன் நான். பரீட்சை மண்டபத்துக்குள் இருத்திவிட்டால் அடுத்த மூன்று மணித்தியாலம் என்ன செய்வது என்பதுதான் தெரியாது. வீட்டில் வைத்து எழுதுகிற பாடங்களில் தப்பினேன். மண்டபப் பரீட்சைகளில் தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்தேன். முதலாம் வருடத்து நிதிக் கணக்கியல் மட்டும் என்னை விடவில்லை. முதல் முறை எழுதினபோது கை நடுங்கி, பாதிக் கேள்விகள் வெறுமை. இரண்டாவது முறை ஒரே கூட்டலை ஏழு தரம் கல்குலேற்றரில் அடித்தேன். ஏழு விடை வந்தது. எனக்குப் பிடித்த ஒன்றைத் தெரிந்தெடுத்து எழுதிவிட்டு எழும்பி வந்தேன்.

இனி ஒரு தரம்தான் எழுதலாம் என்று கடிதம் வந்தது. அதே நேரத்தில் சங்கத்து முகாமையாளர் மார்கழியோடு ஓய்வு பெறுவதாகச் சொன்னார். அந்தப் பதவிக் கதிரைக்குப் பட்டம் வேண்டும் என்று நிர்வாகக் குழு எழுதி வைத்திருந்தது. பாடம் சித்தியானால் கதிரை எனக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவரை எடுப்பார்கள். மீன்களின் பெயரை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். நாலு வருடப் படிப்பும் காற்றில் போகும்.

அந்தச் சனிக்கிழமை காலமை, மண்டபத்து வாசலில் நின்று ஒரு சின்னச் செபம் சொன்னேன். நீளமாகச் சொல்லப் பயம் விடவில்லை. "அந்தோனியாரே, ஆண்டவரிட்டை எனக்காகக் கேளுங்கோ. என்ரை கையைப் பிடிச்சு நீங்களே எழுதுங்கோ." இவ்வளவுதான்.

உள்ளே போய் இருந்தேன். வினாத்தாளைத் திறந்தேன். எழுதினேன். கேள்விக்குப் பின் கேள்வியாக எழுதிக்கொண்டே போனேன். பெரிய கேள்வி, மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற கூட்டு வியாபாரம், அதன் இலாபத்தைப் பிரிக்கவேண்டும். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சரியாக வந்தது. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பேனையை மூடிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் பரீட்சை மண்டபத்து முகட்டில் எத்தனை மின்விசிறி இருக்கிறதென்று எண்ணினது அன்றைக்குத்தான்.

வெளியில் துஷ்யந்தி நின்றாள். சண்டிலிப்பாய்ப் பிள்ளை, என்னோடு படிக்கிறவள், தகப்பன் தோட்டம் செய்கிறவர். கணக்கில் புலி.

"அங்கிள், பங்கு பிரிக்கிற கேள்வி செய்தனீங்களே? ஆளுக்கு எவ்வளவு வந்தது?"

"இரண்டு லட்சத்து எழுபதினாயிரம்."

"மூண்டு லட்சம் அங்கிள். கழிக்கிறதெல்லாம் கழிச்சு மிஞ்சினது ஒன்பது லட்சம். மூண்டு பேருக்கும் சமபங்கு."

"ஓம் பிள்ளை. கோயில் பங்கை எடுத்தபிறகு எட்டு லட்சத்துப் பத்தாயிரம்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"எந்தக் கோயில் அங்கிள்?"

விளக்கம் சொல்கிறேன். எங்கள் சங்கத்தில் மீன் விற்ற காசைப் பிரிக்கும்போது முதலில் கோயிலுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைப்போம். அதற்குப் பிறகுதான் படகுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கை அந்த வரியை முதலில் எழுதிப் பழகிவிட்டது. கேள்வியில் இருந்ததோ கொழும்பில் தளபாடம் விற்கிற மூன்று பேர். கோயிலும் இல்லை, கடலும் இல்லை. நான் அவர்களுடைய இலாபத்தில் தொண்ணூறாயிரத்தை எடுத்து "கோயில்" என்று வடிவாகத் தலைப்புப் போட்டு, கீழே கோடும் அடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

துஷ்யந்தி ஸ்கூட்டியில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். "ஐயோ அங்கிள், மன்னியுங்கோ... கோபிக்காதேங்கோ..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போதுதான் நான் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தேன். சோறு இறங்கவில்லை. ஜெசிந்தாவுக்கு எல்லாம் சொன்னேன். அவள் மீனை முள்ளெடுத்துக்கொண்டே கேட்டாள்:

"இஞ்சருங்கோ, உள்ளுக்குப் போகமுதல் என்ன கேட்டுச் செபிச்சனீங்கள்?"

"என்ரை கையைப் பிடிச்சு எழுதச் சொல்லி."

"அப்ப என்ன? அந்தோனியார் எழுதிப்போட்டுத் தன்ரை பங்கையும் எடுத்திட்டார். சாப்பிடுங்கோ."

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். நான் அங்கே கேட்டதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சாட்சி என்றால் முழுக்கச் சொல்லவேண்டும். விடைத்தாள்கள் வைத்திருக்கிற அறைக்குள் மழைத்தண்ணி போகவேண்டும் என்று கேட்டேன். ஆவணி மாதத்தில், யாழ்ப்பாணத்தில். பிறகு மற்றப் பிள்ளைகள் பாவம் என்று நினைத்து, என்னுடைய தாள் மட்டும் நனைந்தால் போதும் என்று திருத்தினேன். அதுவும் சரிவராதென்றால் அந்தத் தாள் காணாமல் போகட்டும் என்றேன். காணாமல் போன சாமான்களைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதரிடம் போய், ஒன்றைத் துலைத்துத் தாரும் என்று மன்றாடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அன்றைக்கு ஒரு துளி மழை இல்லை. வெயில் எரித்தது.

இதற்கிடையில் ஊர் முழுக்க "நல்லாச் செய்தனான்" என்று சொல்லிவிட்டேன். பயத்தில் வாய் தானாகச் சொன்னது. அதை நம்பி, முகாமையாளர் பதவிக்கு விளம்பரமே போடாமல் எனக்கென்று வைத்திருப்போம் என்று நிர்வாகக் குழு தீர்மானம் எடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். புரட்டாதியில் கூட்டம். பேசாமல் இருந்தால் கதிரை கைக்குள். பிறகு பெறுபேறு வந்து நான் தோற்றிருந்தால், பொறுப்பெடுக்க ஆளில்லாமல் சங்கம் மாதக்கணக்கில் இழுபடும். அத்தனை குடும்பங்களின் கணக்கு அது.

கூட்டத்துக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பவும் செபித்தேன், ஒழுங்காக. இந்த முறை மழை கேட்கவில்லை. "ஆண்டவரே, உண்மையைச் சொல்ல வாய் தாரும்" என்று மட்டும் கேட்டேன்.

வாய் தந்தார். எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தலைவர் பெஞ்சமின் அண்ணை மூன்று படகு வைத்திருக்கிற சம்மாட்டி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"இதிலை நீ செய்த பிழை என்னடாப்பா?"

"அண்ணை, கேள்வியிலை கோயில் இல்லை."

"அப்ப கேள்வி எழுதினவர் மறந்துபோனார். நீ சரியாத்தானே செய்திருக்கிறாய்?"

"அண்ணை, அது சோதினை. தந்த ஆக்களுக்கு மட்டும்தான் பிரிக்கலாம்."

"கோயிலுக்கு எடுக்காமல் எப்பிடிப் பிரிக்கிறது? உவை என்னத்தைப் படிப்பிக்கினம்?" அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "நாங்கள் நாலு பேர் வேட்டி கட்டிக்கொண்டு போய் அந்த வாத்தியாரோடை கதைச்சால் என்ன?"

"ஓம், கதைக்கத்தான் வேணும்" என்றார் பொருளாளர்.

உண்மையைச் சொல்ல வந்தவன், நாலு சம்மாட்டிமார் பல்கலைக்கழக வாசலில் இறங்குவதை மனதில் கண்டு திரும்பவும் பதகளித்துப் போனேன். அவர்களை மறிக்க எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. கடைசியில், பெறுபேறு வரும்வரை பொறுப்போம், சித்தியில்லாவிட்டால் விளம்பரம் போடுவோம் என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். எழுதினதே நான்தான். அன்றைக்கு வீட்டில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

கார்த்திகையில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலமை துஷ்யந்தி தொலைபேசி எடுத்தாள். "அங்கிள், பெறுபேறு வந்திட்டுது. உங்கடை சுட்டெண்ணைச் சொல்லுங்கோ." சொன்னேன். தேடினாள். பிறகு, "அங்கிள்... நீங்கள் பாஸ்!" என்று கத்தினாள். பின்னால் அவள் தகப்பன் "ஆரடி பாஸ்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

சந்தோசப்படுகிற ஆள் என்றால் அதோடு சந்தோசப்பட்டிருப்பான். எனக்கு அடுத்த பதகளிப்புத் தொடங்கியது. ஆரோ பிழையாகப் புள்ளி போட்டுவிட்டார்கள், ஒரு நாள் கண்டுபிடித்துப் பட்டத்தைப் பறிப்பார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கேட்கப் போகிறேன் என்று வெளிக்கிட்டேன்.

"தந்ததைத் திருப்பிக் குடுக்கப் போறியளோ?" என்றாள் ஜெசிந்தா. குடையை எடுத்துத் தந்தவளும் அவள்தான்.

விரிவுரையாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் "கோயில்" என்று வாயெடுக்கவும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"அது நீங்களோ? ஆர் அந்த நாலாவது ஆள் எண்டு தாள் திருத்தின நாங்கள் ரெண்டு பேரும் இருந்து யோசிச்சனாங்கள். அந்த வரிக்குப் புள்ளி இல்லை, ஐயா. ஆனா அதுக்குப் பிறகு வந்த படியெல்லாம் உங்கடை எண்ணோடையே சரியாப் போகுது. அதுகளுக்குப் புள்ளி உண்டு. மற்றக் கேள்வியளும் முழுக்கச் செய்திருக்கிறியள். பிழையாப் போடேல்லை, பயப்பிடாதேங்கோ." பிறகு சொன்னார்: "ஒண்டு கேக்கிறன். தாளைப் பாத்தால் பயந்து எழுதின ஆளின்ரை எழுத்து மாதிரி இல்லை. தன்ரை வேலை மேசையிலை இருந்து எழுதின மாதிரி இருந்தது."

நன்றி சொல்லிவிட்டு வெளியில் வந்தேன். மாடிப்படியில் பாதி இறங்கியவன் அப்படியே இருந்துவிட்டேன்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பயம் இருந்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. முந்தின இரண்டு முறையும் நான் கோயில் பங்கை எழுதவில்லை, ஏனென்றால் எதையுமே முழுசாக எழுதவில்லை. இந்த முறை கை நடுங்கவில்லை. பரீட்சை எழுதுகிறேன் என்பதையே மறந்து, சங்கத்து மேசையில் இருப்பதுபோல ஆறுதலாக இருந்து எழுதியிருக்கிறேன். மூன்று மணித்தியாலம், முழுசாக. நாற்பத்தொன்பது வருடத்தில் எனக்கு அப்படியொரு அமைதி வந்ததில்லை. வாசலில் கேட்டேன், உள்ளே கிடைத்தது. கிடைத்ததைக் காணாமல், ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் அழுதிருக்கிறேன். அந்தப் படியில் இருந்து அழுதது வேறு அழுகை. போகிற வருகிற பிள்ளைகள் விலகிப் போனார்கள். அங்கிள் பெயில் போலும் என்று நினைத்திருப்பார்கள்.

தை மாதம் முகாமையாளர் கதிரையில் இருந்தேன். பெஞ்சமின் அண்ணைக்கு அந்தக் கேள்வித்தாள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய, எங்கள் குடும்பங்கள் சில என்னிடம் வருகின்றன. வருகிற வருமானத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது, பிள்ளைகளுக்கு என்ன ஒதுக்குவது என்று இருந்து பார்க்கிறோம். கொப்பியைத் திறக்கமுதல் ஒரு நிமிடம் பேசாமல் இருப்போம். வருகிறவர்களில் பலருக்கு வருமானத்தைவிடப் பயம்தான் கூட. அந்த நோய் எனக்குத் தெரிந்த நோய்.

நான் மாறிவிட்டேனா என்று கேட்டால், இன்றைக்கும் தொலைபேசி அடித்தால் நெஞ்சு அடிக்கும். ஆனால் இப்போது பயத்தை ஒளிக்க ஓடுவதில்லை. அதையும் தூக்கிக்கொண்டு ஆண்டவரிடம் போகிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் ஒருவருக்கு நாளைக்கு ஏதாவதொரு வாசலுக்குள் போகவேண்டியிருக்கும். பரீட்சை மண்டபமாக இருக்கலாம், ஆசுப்பத்திரியாக இருக்கலாம், நீதிமன்றமாக இருக்கலாம். வாசலில் நின்று கேளுங்கள். வசனம் வராவிட்டாலும் பரவாயில்லை, தருகிறவருக்கு விளங்கும். உள்ளே போனபின் உங்கள் கை நடுங்கவில்லை என்று கண்டால், முடிவு வரும்வரை காத்திராமல் அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுங்கள். நான் மூன்று மாதம் பிந்தித்தான் சொன்னேன்.