தோணிரேவில் கிட்டார் செய்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அண்ணி எழுதச் சொன்னார். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள எங்கள் ஊர் தோணிரேவில் பிறந்தார். எட்டாவது வரை படித்தார். பிறகு பொன்னேரியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. ஒருநாள் கச்சேரிக்காரர் ஒருவர் சத்தம் வராத எலக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டு வந்தார். ஃபேன் காயில் கட்டுகிறவன் இதையும் கட்டுவான் என்று நினைத்திருப்பார். அண்ணன் பிரித்துப் பார்த்தார். தந்திகளுக்குக் கீழே காந்தம். அதைச் சுற்றி முடி போல மெல்லிய செப்புக் கம்பி. புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். கிட்டார் பேசியது. அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு.

அந்த வருஷமே எங்கள் அப்பா, நைனா, இறந்தார். அண்ணன் ஊருக்குத் திரும்பினார். எங்கள் ஏரியில் இறால் பிடிக்கப் பாடு என்று ஓர் ஊர்க்கட்டு உண்டு. வலை கட்டும் இடத்துக்கு ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, வீட்டுக்கு வீடு முறை வைப்பார்கள். கல்யாணமான ஆண் பெயரில்தான் பாடு. முறைக்கு வராமல் வெளியூர் வேலைக்குப் போனால் பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்த பெயர் மறுபடி ஏறாது. அவசரமாகக் கல்யாணம் முடித்து, நைனா இடத்தில் அண்ணனை ஏற்றினார்கள். அம்மாவும் நானும் இரண்டு தங்கைகளும் அதில்தான் சாப்பிட்டோம்.

முறை இல்லாத நாட்களில் கிட்டார் செய்தார். உடலுக்குப் பலா. கழுத்துக்குத் தேக்கு. உப்புக் காற்றில் கழுத்துக் கட்டை வளைந்துவிடும் என்று அரிசி டிரம்மில் புதைத்து வைப்பார். "அரிசி எடுத்தா கட்டை வருது. கட்டையவே பொங்கிப் போடட்டுமா?" என்று அண்ணி கேட்பார்.

வாங்குகிறவர்கள் பழவேற்காட்டில் பஸ் இறங்கி டச்சுக் கல்லறை வாசலில் நிற்பார்கள். அண்ணன் கிட்டாரைச் சாக்கில் சுற்றிக் கொண்டு போய்க் கொடுப்பார். சர்ச்சில் வாசிக்கிற பிள்ளைகள், கச்சேரிக்காரர்கள். பெயர் எதுவும் போடமாட்டார். பின்மூடிக்குள் பென்சிலில் எண் மட்டும். வருஷத்துக்கு மூன்று நான்குதான் முடியும்.

பெங்களூரில் பட்டறை வைத்திருந்த ஒருவர் அதில் ஒன்றை வாசித்துவிட்டுத் தேடி வந்தார். குடும்பத்தோடு வாருங்கள், பட்டறையை நீங்களே பாருங்கள், உங்கள் பெயரையே கிட்டாரில் போடலாம் என்றார். அண்ணன் ஒரு மாதம் தவணை கேட்டார். பிறகு என்னிடம் வந்தார். நான் அப்போது பொன்னேரியில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணமானால் பாடு என் பெயருக்கு மாறும்.

"டேய், ஒரு கல்யாணம் பண்ணிக்கினு பேர ஏத்திக்கடா. நான் போறேன்."

"அடுத்த வருஷம் பாக்கலாம்ணா" என்றேன்.

"இன்னாடா அடுத்த வருஷம்? பொண்ணு இன்னா இறாலா, சீசன் பாத்துப் புடிக்க?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

பெயர் ஏறினால் நான் ஏரியை விட்டு நகர முடியாது. அது எனக்குத் தெரியும். இருவரில் ஒருவர் மாட்ட வேண்டும். அண்ணன் ஏற்கனவே மாட்டியிருந்தார். அப்படியே விட்டேன். பெங்களூர்க்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். நான் நாலு வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டு பொன்னேரியிலேயே தங்கிவிட்டேன்.

கடைசியில் சர்க்கரை நோய். கால் விரலை எடுத்தார்கள். அவர் வராத இரண்டு முறைகளை ஊர் நோய்க்காகப் பொறுத்தது. மூன்றாவது முறைக்குப் புண் காலோடு அவரே தண்ணீரில் இறங்கினார். அந்த மழைக்காலத்திலேயே காலமானார். தந்தி கட்டாத கிட்டார் ஒன்று வீட்டில் இருந்தது.

அண்ணனுக்கு ஒரே மகள். பதினாறாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். தம்பி வந்து நிற்கட்டும், வீட்டுப் பாடு போகக் கூடாது என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள். இந்தத் தடவை சரி என்று சொல்லத்தான் எழுந்தேன். அண்ணி விடவில்லை. பெரியவரைப் பார்த்துச் சொன்னார்.

"வேணாம் மாமா. அவரு நின்னது போதும். பேர எடுத்துடுங்க."

ஆஸ்பத்திரியில் உடனிருந்தவர்களுக்கும், தோளில் சுமந்தவர்களுக்கும், அவர் செய்த கிட்டார்களோடு வந்து நின்ற பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணி கேட்டபடி மறுநாளே பெயரை எடுத்த பெரியவர்களுக்கும் நன்றி. இந்த வருஷச் சீட்டில் அண்ணன் பெயர் இல்லை.