போர்டில் பச்சை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது எனக்கு. பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை மதியம்.

கம்பெனிகளின் சர்வர்களைக் கண்காணிப்பது என் வேலை. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. தேதி தாண்டினால் மென்பொருள் திறக்காது. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் கெடு அண்ணன். "தம்பி, கெடு நெருங்குது" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பார். அதனால் அந்தப் பெயர்.

போன வருடம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் எச்சரிக்கை மெயில் எனக்கு வந்தது. மூடிவிட்டு மறந்துபோனேன். நான்கு மணி நேரம் யாருக்கும் ரிசல்ட் கிடைக்கவில்லை. மேனேஜர் கத்தினார்.

"அண்ணன் பார்த்துக்குவார்னு நினைச்சேன் சார்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று மாலையே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அந்த ஞாயிறு ஆபீசில் நான் மட்டும்தான். மணி 2.52. அண்ணனின் பழைய மேஜையில் போன் அடித்தது. அந்த மேஜைக்கு இப்போது ஆளில்லை.

எடுத்தேன். இரைச்சல்...

"தம்பி... மருந்துக் கிடங்கு."

அவர் குரல்தான். கட்டானது.

எல்லாச் சான்றிதழ்களின் நிலையையும் காட்டும் போர்டைப் பார்த்தேன். மருந்துக் கிடங்கு பச்சையில் இருந்தது. காலாவதிக்கு இன்னும் 41 நாள். ஆறு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் இடம் அது.

2.58. மறுபடி மணி.

"போர்டை நம்பாதே. சர்வரைப் பாரு."

நேராக சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். காலாவதி... இன்று மாலை 3.30. போர்டு வேறொரு மெஷினின் தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது.

புதுச் சான்றிதழை ஏற்றினேன். முடிந்தபோது 3.26.

போன் அடித்தது.

"அண்ணா... அன்னிக்குத் தப்பு என்னோடது..."



"தெரியும்."

கட்.

க்ரீச்... பின்னால் திரும்பினேன்.

அவர் நாற்காலி. குஷனில் ஒரு பள்ளம். மெல்ல... மெல்ல மேலெழுந்தது.

யாரோ எழுந்ததுபோல.

மறுநாள் மேனேஜரிடம் போன வருட உண்மையைச் சொன்னேன். மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தார்.

"அவர் போய் நாலு மாசம் ஆச்சே. ஆபீஸ்ல யாருமே வரல..."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். பொய்யை. போனை. குரலை.

அண்ணி என்னையே பார்த்தார்.

"குரலா? வேலை போனதுக்கப்புறம் தொண்டையில ஆபரேஷன் பண்ணின நாள்லேருந்து கடைசி வரைக்கும் அவரால ஒரு வார்த்தை பேச முடியல தம்பி. எதுவானாலும் போன்ல டைப் பண்ணித்தான் காட்டுவார்."

உள்ளே போய் அவர் போனை எடுத்துவந்து கொடுத்தார். எனக்கு அனுப்பிய பதினோரு மெசேஜ்கள். ஒன்றில்கூடத் திட்டு இல்லை. கடைசியானது, அவர் இறப்பதற்கு முந்தின நாள் அனுப்பியது.

"தம்பி, மருந்துக் கிடங்கு. போர்டை நம்பாதே. சர்வரைப் பாரு."

பதினொன்றுக்கும் ஒற்றை டிக். எதுவும் என்னை வந்து சேரவில்லை.

அவரை வேலையை விட்டு அனுப்பிய அன்றிரவே, முகம் கொடுக்க முடியாமல், அவர் நம்பரை நான் பிளாக் செய்திருந்தேன்.