சுமத்ராவில் கலந்துபோன மிளகு

ஈரத் துண்டின் மேல் பரப்பிக் கிடந்த இரண்டு பிடி மிளகுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கு ஒன்றில் தரம் பார்ப்பவர் என் அத்திம்பேர், அக்காவின் கணவர். அங்கேயே நான் டைப்பிஸ்ட். உள்ளங்கையில் நாலு மணியைக் கசக்கி முகர்ந்தால் போதும், எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். முதலாளி அந்த மூக்கை நம்பித்தான் விலை பேசுவார். அக்கா வீட்டில் அடுப்பு எரிந்ததும் அந்த மூக்கால்தான்.

சுமத்ரா மிளகு நம்முடையதற்கு ஈடாகுமா என்று பார்த்து எழுத முதலாளி அவரை அனுப்பினார். இங்கிலீஷ் தெரியும் என்று என்னையும் சேர்த்து. போன நாள் முதல் எங்களுக்குத் திக்குத் திசை தெரியவில்லை. விடாத மழை. பஸ் ஏரிக்கரையில் போனால் ஆலப்புழைப் பக்கம் போவதுபோல இருக்கும். பலா, பாக்கு எல்லாம் நம் ஊர்தான். திடீரென்று காட்டுக்கு மேலே புகை எழும். "யாரோ சருகு எரிக்கறா" என்றார் அத்திம்பேர். அது எரிமலைப் புகை என்று அப்புறம்தான் தெரிந்தது. காற்றில் சில சமயம் அழுகின முட்டை நாற்றம் வரும்.

ஏரியோர விடுதியில் மாதிரிப் பைகளைப் பிரித்தால், இரண்டும் நனைந்திருந்தன. ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டாஞ்சேரியிலிருந்து கொண்டுபோனது, மற்றது அங்கே வாங்கியது. துண்டின் இரு ஓரங்களில் தனித்தனியாக அடுப்பருகே உலர்த்திவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், விடுதிக்கார அம்மாள் உதவி செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறிக்கொண்டிருந்தாள். பயந்துபோய்த் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

அத்திம்பேர் சிரித்தார். "நீ எதுக்குப் பேடிக்கறாய்? நான் பிரிச்சுத் தரேன், கேட்டியா."

ஒவ்வொரு மணியாக நகத்தால் கீறி, முகர்ந்து, இரண்டு குவியலாக்கினார். நான் சும்மா விளையாட்டாக, "அவர்களுடையது" என்று அவர் ஒதுக்கியதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இது நம்மளோடதாக்கும்!" என்றார்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இன்னொன்றை நீட்டினேன், அதையும் மாற்றித்தான் சொன்னார். மணியைக் குவியலில் போட்டுவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "ஜலதோஷம்டா" என்றார்.

புகை அவர் மூக்கைக் கெடுத்ததா, இல்லை, இரண்டு மிளகுக்கும் வித்தியாசமே கிடையாதா? முதலாவது என்றால் வேலை போச்சு. இரண்டாவது என்றால் முப்பது வருட ஜம்பம் போச்சு. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை, இன்றுவரை விளங்கவில்லை. "நம்ம மிளகுக்குப் பக்கத்துல வராதுன்னு எழுது" என்றார். கை வரவில்லை. அக்காவை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

முதலாளிக்குப் பரம சந்தோஷம். அத்திம்பேர் இன்னும் பல வருடம் தரம் பார்த்தார். ஆனால் அதற்குப் பிறகு எதையும் இரண்டு தடவை முகர்வார். முகர்ந்துவிட்டு என் மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். நான் டைப் மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். எனக்குப் பாவமாக இருக்கும், கோபமாகவும் இருக்கும்.

இப்போது அவர் படுக்கையோடு இருக்கிறார். போன வாரம் பார்க்கப் போனேன். அக்கா காப்பி போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்தானேடா?"

"ஆமாம் அத்திம்பேரே. பயங்கர ஜலதோஷம்."

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பயணம் முழுக்க அவர் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.