பச்சை பெயிண்டும் கட்டுமரமும்

இன்று காலை ஆபீஸ் வாசலில் ஆறு மீனவர்கள்.

மாமல்லபுரம் கடலோரத்தில் பாதிரியார்கள் படித்த வேதக் கல்லூரி, பிறகு மாணவர் விடுதியாகி, நெல் கிடங்காகி, இப்போது எங்கள் சர்வே ஆபீஸ். எமர்ஜென்சி அல்லவா, அரசு ஆபீஸ்கள் எல்லாம் புதுசாகத் தெரிய வேண்டும் என்று உத்தரவு; போன வாரம் வெள்ளைக் கட்டடத்துக்குப் பளிச்சென்று பச்சை அடித்தோம்.

"இன்னா சார் பண்ணி வெச்சிக்கீறீங்க?" என்றார் ஒருவர். "இந்த வெள்ளைச் செவுத்தப் பாத்துதான் கட்டுமரத்தக் கரைக்கு வுடுவோம். நேத்து தோப்போட தோப்பா மறைஞ்சி பூடுச்சி. கோவளத்துல போய் ஏறினோம்!"

"நாங்கள் நிலத்தைத்தான் அளக்கிறோம், கடலை இல்லை" என்றார் எங்கள் அதிகாரி.

"அந்த நெலத்தத்தான் சார் காணோம்!"

மாலைக்குள் கடலைப் பார்த்த சுவருக்கு மட்டும் மறுபடி சுண்ணாம்பு அடித்தாயிற்று.

எங்கள் ஆபீஸில் ஒழுங்காக வேலை பார்ப்பது அந்தச் சுவர் ஒன்றுதான். உங்கள் ஆபீஸில் யார்?