மசாலா மில்லின் மேல் ஒரு மனு

கார்த்திகேசுவைப் பிடிக்கும் என்று சொல்ல பினாங்கு டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஓர் ஆள் கிடையாது. அவருக்கும் யாரையும் பிடிக்காது, அதனால் கணக்கு நேராகிவிட்டது.

தந்தி ஆபீசில் அவருக்கு இரவு வேலை. பகலில் தூங்க வேண்டிய மனிதர், காதுக்குழாயை மாட்டிக்கொண்டு, தானே கட்டிய ரேடியோப் பெட்டியின் முன் உட்கார்ந்துவிடுவார். கூரைமேல் நீளமாக ஏரியல் கம்பி. தூர தேசத்து ஸ்டேஷன் ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு ஆபீசில் அவர் அலட்டல் தாங்காது.

முப்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் அந்தப் பெட்டியில் ஓர் இரைச்சல் புகுந்தது. அப்பளம் பொரிகிற மாதிரி ஓயாத 'உஸ்'. மத்தியானம் வரும், பொழுது சாய அடங்கும். இடி இல்லை, மழை இல்லை. கார்த்திகேசுவுக்குச் சந்தேகமே வரவில்லை. பக்கத்து வீட்டு ஷேக் அலாவுதீனின் மசாலா மில்தான்! மிளகாயும் மல்லியும் அரைக்க அலாவுதீன் மின்சார மோட்டார் வைத்திருந்தார். ரமலான் மாதம் பிறந்தால் காலை அரைப்பை விட்டுவிட்டு, மத்தியான லுஹர் தொழுகை முடிந்த பிறகுதான் மோட்டாரைப் போடுவார். நோன்புக் கஞ்சிக்கு மசாலா கேட்டு ஜனம் அப்போதுதான் வரும். மில்லும் மத்தியானம், இரைச்சலும் மத்தியானம். வேறு சாட்சி எதற்கு?

நோன்புப் பெருநாள் முடிந்து மில் பழையபடி காலைக்கு மாறியது. சில வாரங்களில் இரைச்சலும் நகர்ந்து நகர்ந்து காலைக்கே வந்து சேர்ந்தது. கார்த்திகேசு தொடையைத் தட்டிக்கொண்டார்.

"வேணும்னே செய்றான் ஜெயா. என் பெட்டிய கெடுக்கத்தான் மோட்டார் போடுறான்."

"அவங்க வயித்துப் பொழப்புக்கு அரைக்கிறாங்க. ஒங்களுக்குத்தான் வேற வேலையில்ல" என்றாள் மனைவி ஜெயலெட்சுமி.

சேதி காதுக்கு எட்டி அலாவுதீனே வாசலுக்கு வந்தார். "அண்ணே, மோட்டார நிறுத்துறேன். சத்தம் நிக்குதான்னு நீங்களே கேட்டுப் பாருங்க."

"எனக்கே வயர்லெஸ் சொல்லிக் குடுக்க வந்திட்டியா? போ, போய் மிளகா அரை."

கேட்டுப் பார்த்திருந்தால் விஷயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஆனால் மிளகாய் அரைக்கிறவன் சொல்லி ஒரு தந்திக்காரன் கேட்பதா? இரைச்சலால் அரசாங்கத் தந்திக்கே இடைஞ்சல் என்று கூசாமல் புளுகி மின்சார ஆபீசுக்கு மனு எழுதினார். மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை வெட்டிவிட்டார்கள். அலாவுதீன் மோட்டாரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு உலக்கை வாங்கினார். அவரும் மனைவி நூர்ஜானும் மாற்றி மாற்றி இடித்தார்கள். பாதி வாடிக்கை வேறு கடைக்குப் போய்விட்டது.

கார்த்திகேசுவின் காலைப் பொழுதுகள் சுத்தமாயின. ஜெயித்துவிட்ட மிதப்பு அவருக்கு. லீவு நாளொன்றில் விடியுமுன் எழுந்து காதுக்குழாயை மாட்டினார். உஸ்! மில் செத்துப்போன பிறகும் அதே உஸ்.

அந்த வாரமே ஆபீசில் ஒரு பழைய வயர்லெஸ் பத்திரிகை கிடைத்தது. டெலிபோனைக் கெடுக்கும் இரைச்சலைத் தேடி அமெரிக்க எஞ்சினியர் ஒருவர் பெரிய ஏரியலைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாராம். ஓர் 'உஸ்' மட்டும் பூமியிலிருந்தே வரவில்லை. நட்சத்திரங்கள் அடர்ந்த வானத்திலிருந்து வந்தது. நட்சத்திரங்களைப் போலவே நாளுக்கு நாள் கொஞ்சம் முன்னதாக வந்தது. மத்தியானத்திலிருந்து காலைக்கும், காலையிலிருந்து விடியலுக்கு முன்னும் நகர்ந்த தன் பெட்டியின் உஸ்ஸும் அதுதான் என்று கார்த்திகேசுவுக்குப் புரிந்தது.

வெட்கப்படுவார் என்று பார்த்தால், அந்த மனுஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு நேரே அலாவுதீன் வீட்டுக்குப் போனார்.

"நான் கேட்ட சத்தம் பொய்யில்ல! வானத்திலேருந்து வந்திருக்கு. பினாங்கில வேற யாரு கேட்டிருப்பா?"

அலாவுதீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப என் மில்லு மேல தப்பில்லன்னு அதே மின்சார ஆபீசுல எழுதிக் குடுங்கண்ணே. கரண்ட்டு திரும்பி வரட்டும்."

கார்த்திகேசுவின் முகம் சுருங்கியது. "நான் போட்ட மனுவ நானே பொய்யின்னு எழுதவா? எங்க தந்தி ஆபீசில என் பேரு என்னாவுறது?"

நூர்ஜானின் உலக்கை நின்றது. கொப்புளம் கண்ட உள்ளங்கையைப் புடவையில் துடைத்தபடி அவரையே பார்த்தாள்.

அலாவுதீன் இந்தத் தடவை அண்ணே போடவில்லை. "அப்ப இன்னொரு மனு எழுது. அந்த நட்சத்திரத்துக்கும் கரண்ட்ட வெட்டச் சொல்லு."

பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கார்த்திகேசு கிளம்பினார். அவர் வாசலைத் தாண்டுமுன்பே நூர்ஜான் உலக்கையை ஓங்கிவிட்டாள்.