இஸ்திரிக் கடையில் ஒரு யுத்தம்

என் அக்கா இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள். எந்தச் சட்டையைத் தேய்த்தாலும் அதைப் போடுகிறவருக்காக ஜெபித்துக்கொண்டேதான் தேய்ப்பாள்.

குடித்துவிட்டு வந்து எங்கள் கடைக் கண்ணாடியை உடைத்த மெக்கானிக்கின் சட்டையும் மறுவாரம் தேய்க்க வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதை அவன் மூஞ்சியிலயே வீசுக்கா!"

"எனக்குச் சண்டை அவரோட இல்லடி. அவரைப் பிடிச்சு ஆட்டுறவனோடதான்."

தேய்த்து முடித்து, சூடு ஆறாத சட்டைமேல் இரண்டு கைகளையும் வைத்தாள். அதிர்ந்து பேசாத என் அக்காவா அப்படி அதட்டினாள்?

"சாத்தானே, இவருக்காக இயேசு ரத்தம் சிந்தியிருக்கார். அவர் நாமத்துல சொல்றேன், விட்டுட்டுப் போ!"

நான் திரும்பினால், சட்டை வாங்க வந்த மெக்கானிக் வாசலில் அழுதுகொண்டு நின்றார். இஸ்திரிக் கடையில் யாராவது செருப்பைக் கழற்றுவார்களா? அவர் கழற்றியிருந்தார்.

நானும் கழற்றினேன்.