அண்டாவுக்குள் சாட்டை சாமுவேல்

காரைக்குடியில் எந்த நடிகருக்குப் பிறந்தநாள் வந்தாலும், கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் தூக்கிக் கட்டும் பேனரில் அவர் எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவள் தேனம்மைதான். பேனர் கடையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து தலையை வெட்டி, உடம்பை ஒட்டி, பின்னால் சூரியனை உதிக்க வைப்பதெல்லாம் அவள் வேலை. ரசிகர் மன்றத்துப் பையன்கள் வந்து தங்கள் தலைவரைச் சிங்கத்தின் மேல் உட்கார வைக்கச் சொல்வார்கள். போன பிறந்தநாளுக்கு ஏறிய சிங்கத்தை விட்டே அவர் இன்னும் இறங்கவில்லை, இந்தத் தடவை குதிரையில் போகட்டும் என்பாள் தேனம்மை. பையன்களும் சரியென்று தலையாட்டுவார்கள். அது சாட்டை சாமுவேலின் குதிரை என்பது அவர்களுக்குத் தெரியாது.

சாட்டை சாமுவேலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவன் காமிக்ஸ் கதாநாயகன். மெக்சிகோ பாலைவனத்தில் துப்பாக்கி இல்லாமல், ஒரே ஒரு சாட்டையை வைத்துக்கொண்டு கொள்ளைக்காரர்களைப் பந்தாடுகிறவன். கழுத்தில் கயிறு இறுகும்போதுகூடச் சுத்தமான தமிழில்தான் வைவான். அவனைப் பற்றித் தேனம்மை பேச ஆரம்பித்தால் சிலர் காபி ஆறுவது தெரியாமல் கேட்பார்கள், சிலர் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். இரண்டு வகையினரிடமும் அவளுக்கு வருத்தம் கிடையாது.

அவளுக்கு ஏழு வயதில் அம்மை போட்டிருந்தது. வேப்பிலைமேல் படுத்துக்கொண்டு எந்நேரமும் சொறிந்துகொண்டிருந்த பிள்ளையின் கையைக் கட்டிப்போட மனமில்லாமல், அவள் அப்பச்சி என்று கூப்பிடுகிற அப்பா தேனப்பன் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையிலிருந்து ஒரு காமிக்ஸ் வாங்கி வந்து கொடுத்தார். பக்கத்தைப் புரட்டுகிற கை சொறிய மறந்தது. அம்மை இறங்கிவிட்டது, சாமுவேல் இறங்கவில்லை. ஆத்தா, அதாவது அம்மா, சிட்டாள் அன்றிலிருந்து இன்றுவரை தன் புருஷனைக் குறை சொல்ல வேண்டிய சமயங்களில் முதலில் எடுப்பது இந்த விஷயத்தைத்தான்.

சிட்டாளைத் தப்பாக நினைக்கக் கூடாது. நல்ல மனுஷி. ஆனால் அவளுக்குச் சாமான் என்றால் வெள்ளி, பித்தளை, எவர்சில்வர். பெண் பிறந்த வருஷத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி அடுக்கியவள். அந்த அடுக்குக்குப் பக்கத்திலேயே பெண் இன்னொரு அடுக்கை வளர்த்துக்கொண்டு வந்தாள். பழைய இதழ் ஒன்று புதுக்கோட்டையில் ஒரு வீட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறிவிடுவாள். மதுரையில் பழைய புத்தகக் கடைக்காரர்கள் அவள் தலையைக் கண்டதும் விலையை ஏற்றுவார்கள், அவளும் சளைக்காமல் இறக்குவாள். அட்டை கிழிந்ததற்கு ஒட்டுப்போட்டு, பூச்சி வராமல் வசம்பு வைத்து, ஆண்டுவாரியாக அடுக்கிவைப்பாள். பிள்ளை வளர்க்கிற பக்குவம் அதில் இருந்தது. பொம்மைப் புத்தகம் என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் சிவக்கும்.

சினிமாவும் அவளுக்குச் சாதாரணப் பைத்தியமில்லை. செட்டிநாட்டுத் தெருவில் பிறந்தவர்களுக்கு நடிகர்களைப் பார்ப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. இங்குள்ள வீடுகளில் பண்ணையார்கள் சாகாத மாதம் கிடையாது, எல்லாம் படப்பிடிப்பில். எல்லாரும் நடிகரோடு செல்ஃபி எடுப்பார்கள் என்றால், தேனம்மை ஒரு பெரிய நடிகரிடம் போய்ச் சாமுவேல் புத்தகத்தை நீட்டி அதில் கையெழுத்துக் கேட்டாள். இது யார் என்று அவர் கேட்க, அவள் சொல்ல, கேட்டவர் புத்தகத்தோடு கேரவனுக்குள் ஏறிவிட்டார். அவள் பசியோடு சாயங்காலம்வரை வெளியே நின்றாள். உதவி இயக்குநர்கள் விரட்டியும் நகரவில்லை. கடைசியில் புத்தகம் வந்தது, முதல் பக்கத்தில் கையெழுத்தோடு, அடுத்த பாகம் எங்கே என்ற கேள்வியும் எழுதியிருந்தது. அடுத்த பாகத்தை அவள் கொடுக்கவில்லை. நடிகர்தான், ஆனாலும் இரவல் இரவல்தானே.

போன வருஷம் பெங்களூரில் காமிக்ஸ் திருவிழா ஒன்று நடந்தது. விருப்பமான பாத்திரம் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு ரசிகர்கள் வருகிற இடம். சாமுவேலுக்கே தண்ணி காட்டுகிற கொள்ளைக்காரி ஒருத்தி கதையில் உண்டு, சிவப்பு மேலங்கி போட்டிருப்பாள். தேனம்மை தன் அங்கியைக் கண்டாங்கிச் சேலையில் தைத்துக்கொண்டு போனாள், மாம்பழக் கலரில், கட்டம் போட்டு. வெளவால் மனிதர்களும் இரும்பு மனிதர்களும் வரிசையில் நின்று அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு படம் எப்படியோ பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவுக்குள் புகுந்துவிட்டது. சிட்டாள் அன்றைக்கு முழுக்க யாருடைய போனையும் எடுக்கவில்லை.

இந்த வருஷம் தை மாதம் தேனம்மைக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை முத்துக்கண்ணன் பள்ளத்தூர். காரைக்குடியில் தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். காமிக்ஸ் படித்ததில்லை என்று உள்ளதைச் சொன்னார், படிக்கச் சொன்னால் படிப்பேன் என்றார். அந்தப் பதில் தேனம்மைக்குப் போதுமானதாக இருந்தது.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பரம்பரை வீட்டைப் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து ஓட்டல் நடத்துகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். இந்தக் கல்யாணம் முடிந்த மறுநாள் சாவி கை மாறவேண்டும். அவரவர் அறையை அவரவர் காலி செய்ய வேண்டும். சிட்டாளும் தேனப்பனும் போகப்போகிற அடுக்குமாடி வீட்டில் இரண்டு பேர் திரும்பி நிற்கவே இடம் பார்க்க வேண்டும். ஆகவே தேனம்மையின் புத்தகங்களுக்கு இரண்டே வழிதான், அவளோடு பள்ளத்தூர் போக வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டும்.

பெண்ணோடு போகிற சாமானை எல்லாம் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஜமுக்காளம் விரித்துப் பரப்பிவைப்பது இவர்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் வந்து சுற்றிப் பார்ப்பார்கள். பரப்பினது பெண்ணின் சொத்து, போகிற வீட்டில் அதை யாரும் தொட்டு அசைக்க முடியாது. தேனம்மைக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே புத்தகங்களையும் பரப்ப வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னாள். சம்பந்தி வீட்டார் முன்னால் பழைய பேப்பரைப் பரப்பினால் தன் தலை நிமிராது என்றாள் சிட்டாள். அப்புறம் ஒரு வேன் பிடித்து அனுப்பிவைப்பதாகச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் என்றால் ஓட்டல்காரன் கதவைத் திறந்த பிறகா என்று கேட்டாள் மகள். தேனப்பன் வழக்கம்போல இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

சாமான் பரப்புகிற அன்று காலையில் தேனம்மை தலை பின்னிக்கொண்டு அறைக்குள் வந்தால், அலமாரி காலியாக இருந்தது. ஒரு புத்தகம் இல்லை. வசம்புத் துண்டுகள் மட்டும் கிடந்தன. ஆத்தாவைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். சிட்டாள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எங்குட்டும் போகலை. பேசாம போயி உக்காரு. வாரவுகளை வாங்கன்னு கேக்கணும்."

தேனம்மை நம்பவில்லை. பழைய பேப்பர்க்காரன் வண்டியில் சாமுவேல் குப்புறக் கிடப்பதைப் போலவே அவளுக்குத் தோன்றியது. அழுதால் கண்மை கரையும், அழகுநிலையத்துப் பெண் வேறு பக்கத்திலேயே நின்றாள். வந்த ஆத்திரத்தை அப்படியே அடக்கிக்கொண்டு பாயில் போய் உட்கார்ந்தாள். அந்தக் காலைப்பொழுதில் தன் ஆத்தாவை அவள் வெறுத்தாள் என்றே சொல்ல வேண்டும்.

பள்ளத்தூரார் வந்தார்கள். வாங்க என்று கேட்டு வரவேற்று முடிந்து, காபி குடித்து முடிந்து, மாமியார் உமையாள் ஆச்சி வளவைச் சுற்றி வர ஆரம்பித்தார். நிமிர்ந்த நடை, குறைந்த பேச்சு. வெள்ளியைப் பார்த்தார். விளக்குகளைப் பார்த்தார். ஓலைக்கொட்டான்களைக் கையில் எடுத்துப் பின்னலைப் பார்த்தார். பித்தளை அண்டாக்கள் வரிசையாக, மூடி போட்டு நின்றன. வெறும் பாத்திரம் பெண் வீட்டிலிருந்து போகக் கூடாது, அரிசியோ மஞ்சளோ நிறைத்துத்தான் அனுப்புவார்கள். உமையாள் ஆச்சி ஒரு பிடி அரிசியை அள்ளிப் பார்க்கிற எண்ணத்தில் பெரிய அண்டாவின் மூடியைத் தூக்கினார்.

உள்ளேயிருந்து தொப்பி போட்டுக்கொண்டு சாட்டை சாமுவேல் அவரைப் பார்த்தான்.

உமையாள் ஆச்சி மூடியை வைத்துவிட்டு அடுத்த அண்டாவைத் திறந்தார். அதிலும் அவன்தான், குதிரைமேல். அதற்கடுத்ததில் கொள்ளைக்காரி. சிட்டாள் தூணோடு தூணாக நின்றாள். பரப்பவும் கூடாது, பெண்ணின் மனமும் நோகக் கூடாது, பாத்திரமும் வெறுமனே போகக் கூடாது. மூன்றுக்கும் சேர்த்து அந்த மகராசி கண்டுபிடித்த வழி இது. மூடியைத் திறப்பார்கள் என்பது மட்டும் அவள் கணக்கில் வரவில்லை. ஊரில் உள்ள அத்தனை சாமான் பரப்பலிலும் முதல் ஆளாக மூடியைத் திறந்து பார்க்கிறவள் அவளேதான்.

மாப்பிள்ளையின் சின்னாத்தா ஒருத்தி சிரித்துக்கொண்டே, தேனப்பன் வீட்டில் இந்த வருஷம் அரிசிக்கு முடை போலிருக்கிறது என்றாள். இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள். சிட்டாளின் முகம் கறுத்துப்போனதைத் தேனம்மை பார்த்தாள். தனக்காகத்தான் ஆத்தா இந்தப் பேச்சை வாங்குகிறாள் என்பது அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது எல்லாம் அப்போது வேறு விதமாக மூண்டது.

கல்யாணப் பெண் அந்த இடத்தில் எழுந்திருக்கிற வழக்கம் கிடையாது. தேனம்மை எழுந்தாள். பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்டாவுக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளினாள். வெள்ளித் தாம்பாளங்களுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஜமுக்காளத்தில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள், அட்டை மேலே தெரியும்படி, வருஷம் தப்பாமல். அவசரப்படவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. முதல் அண்டா காலியாகி, இரண்டாவதுக்குப் போனபோது முத்துக்கண்ணன் எங்கிருந்தோ வந்து மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், ஆனாலும் வைத்தார்.

பரப்பி முடிந்ததும் வளவே நிறம் மாறியிருந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் பூவெல்லாம் மங்கித் தெரிந்தது, அவ்வளவு சிவப்பும் மஞ்சளும் நீலமும். தேனம்மை நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மாமியாருக்கு நேராக நின்றாள்.

"அரிசிக்கு எங்க வீட்டுல குறைச்சலில்லை, அத்தை. அந்தா இருக்கதெல்லாம் ஆத்தாவும் அப்பச்சியும் எனக்குச் சேத்தது. இது நானாச் சேத்தது. ஏழு வயசுலேருந்து சேத்தது. சாமானுன்னு சொன்னா எனக்கு இதுதான் சாமான்."

சொல்லிவிட்டு அவள் தலை குனியவில்லை. தன் வாழ்நாளில் இவ்வளவு பேர் முன்னால் சாமுவேலை இப்படி நிறுத்தியதில்லை என்று அவள் மனசு பூரித்துப்போயிருந்தது. வருகிறது வரட்டும் என்று நின்றாள்.

உமையாள் ஆச்சி வெள்ளியைச் சுற்றி வந்த அதே நடையில் புத்தகங்களைச் சுற்றி வந்தார். குனிந்து ஒன்றை எடுத்தார். ஒட்டுப்போட்ட அட்டையை விரலால் தடவிப் பார்த்தார், இது யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றாள் தேனம்மை. முகர்ந்து பார்த்து, வசம்பா என்றார். ஆமாம் என்றாள். ஒரு பக்கத்தைப் புரட்டிப் படித்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சின்னாத்தா மறுபடி ஏதோ சொல்ல வாயெடுக்க, அவள் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பரப்பியாச்சு," என்றார். "பரப்புனதை விட்டுட்டுப் போற பழக்கம் எங்க வீட்டுல இல்லை. எங்குட்டு வைக்கணும்னு நீ நெனச்சிருக்கே? உள்கட்டுல ஒரு அறை சும்மாத்தான் கெடக்கு."

தேனம்மை சரியென்றிருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். சிட்டாள் கண்ணாலேயே மகளைக் கெஞ்சினாள். தேனம்மை பார்க்காதவள் மாதிரி இருந்துவிட்டாள்.

"உள்ள வேணாம், அத்தை. முகப்புல வைப்போம். வீட்டுக்கு வாரவுக பாக்கட்டும்."

பள்ளத்தூர் வீட்டு முகப்பு என்றால் பர்மாவில் வியாபாரம் செய்த காலத்துப் பெரியவர்கள் படச்சட்டத்துக்குள் வரிசையாக உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற இடம். உமையாள் ஆச்சி மருமகளை மேலும் கீழும் பார்த்தார். அங்கே தன் மாமனார் படம் மாட்டியிருக்கிறது என்று சொன்னார். அந்தப் பெரியவர்களுக்குக் கீழேயே வைத்துவிடலாம், அவர்களும் எத்தனை காலம்தான் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றாள் தேனம்மை. பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உமையாள் ஆச்சி சிரிக்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே, வரிசை மாறாமல் வைத்தார்.

"முத்துக்கண்ணா, ஆசாரிக்குப் போனைப் போடு. முகப்புக்கு ஒரு அலமாரி அளவெடுக்க வரச் சொல்லு."

அதுவரை தூணை விட்டு நகராமல் இருந்த சிட்டாள் முன்னால் வந்தாள். ஜமுக்காளத்தின் ஓரத்தில் சற்றே கோணியிருந்த ஒரு சாமுவேலை நேராக நகர்த்தி வைத்தாள். பிறகு நிமிர்ந்து, சின்னாத்தா காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்:

"கண்ணாடிக் கதவு வச்சுச் செய்யச் சொல்லுங்க, ஆச்சி. வெளியேருந்து பாத்தா நல்லாத் தெரியணும்."